ஏழாம் கேமராவின் இடது மூலை

அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் ‘சிக்கனம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்கள் கூடவே ஓர் அக்காவையும் சேர்த்துக்கொள்வார்கள். பெயர் வைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர்தான். அதே நீர்த்தேக்க அலுவலகத்தின் ஜீப்பைப் பதினெட்டு வருடம் ஓட்டியவர். கட்டின மனைவிக்குப் பட்டப்பெயர் வைத்து அதை அலுவலகம் முழுக்கப் பரப்பிய பெருமை அவரையே சேரும்.

இத்தனைக்கும் அவள் கருமி இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் டீயில் சர்க்கரை ஒரு கரண்டி தூக்கலாகத்தான் இருக்கும். அவளுடைய சிக்கனமெல்லாம் படங்களில்.

நீர்த்தேக்கத்தின் மண்கரை நாலு கிலோமீட்டர் நீளம். அதில் பன்னிரண்டு கம்பங்கள், கம்பத்துக்கு ஒரு கேமரா. இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு சோலார் தகடு, சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பேட்டரி, ஒரு சின்ன ஆன்டெனா, அவ்வளவுதான். கரைக்கு மின்கம்பி போகவில்லை. போன் சிக்னல் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் பன்னிரண்டாவது கேமரா தன் படத்தை ரேடியோ வழியாகப் பதினொன்றிடம் கொடுக்கும், பதினொன்று பத்திடம் கொடுக்கும், இப்படிக் கைமாறிக் கைமாறி அலுவலக மொட்டை மாடிக்கு வந்து சேரும். படம் எடுப்பதற்குப் பேட்டரி அதிகம் செலவாகாது. எடுத்த படத்தைப் பற்றி யோசிப்பதற்கும் ஆகாது. அதைக் காற்றில் அனுப்புவதற்குத்தான் பேட்டரி உயிரை விடும். முழுப் படத்தையும் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தால் நாலாவது நாள் கம்பம்தான் நிற்கும், கேமரா கண்ணை மூடிவிடும்.

ஆகவே படத்தைச் சுருக்க வேண்டும். கேமராக்களை விற்ற கம்பெனிக்காரர்கள் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, ஒரு தடித்த புத்தகத்தை அவள் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கேமரா எதை அனுப்ப வேண்டும், எதை அனுப்பக் கூடாது என்று முடிவு செய்வதெல்லாம் அவள்தான். எட்டுப் புள்ளிக்கு எட்டுப் புள்ளி என்று படத்தைக் கட்டம் கட்டமாக நறுக்க வேண்டும். கேமராவைப் பொருத்திய அன்று எடுத்த படம் ஒன்று இருக்கும், அதற்கு அடிப்படைப் படம் என்று பெயர். அது கேமராவிடமும் இருக்கும், அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலும் இருக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் அதோடு ஒப்பிட்டு, மாறாத கட்டமென்றால் வாயைத் திறக்கக் கூடாது. மாறின கட்டமென்றாலும் நுணுக்கத்தையெல்லாம் உதிர்த்துவிட்டு முக்கியமானதை மட்டும் அனுப்ப வேண்டும். அனுப்பாத கட்டங்களை அலுவலகத்துக் கம்ப்யூட்டர் அடிப்படைப் படத்திலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும்.

இதை அவள் வீட்டுக்காரருக்கு ஜீப்பில் போகும்போது ஒரு நாள் விளக்கியிருக்கிறாள்.

"நீங்க வெளியூர் போயிருக்கீங்கன்னு வைங்க. நான் தினமும் போன் பண்ணி, கதவு இருக்கு, ஜன்னல் இருக்கு, கட்டில் இருக்குன்னா சொல்லுவேன்? புதுசா என்ன ஆச்சோ அதைத்தானே சொல்லுவேன்?"

"நீ எதுவுமே சொல்ல வேண்டாம். உனக்கு முன்னாடி எங்க அக்கா சொல்லிடுவா."

அவருடைய அக்கா பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். அவள் விஷயத்தில் எந்தக் கட்டமும் விட்டுப்போகாது என்பது உண்மை.

ஏழாவது கேமராவைப் பொருத்தப் போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அது கரை வளையும் இடம். கம்பத்தில் ஏறிப் பார்த்தால் வலது பக்கம் தண்ணீரும் அளவுகோலும் தெரியும், இடது பக்கம் கரையின் வெளிச்சரிவும் அதன் அடிவாரமும் தெரியும். அடிவாரத்துக்கு அப்பால் பதினாறு வீடுகள், ஒரு சைக்கிள் கடை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஜீப்பைச் சரிவுக்குக் கீழே நிறுத்திவிட்டு அவர் இறங்கி நின்றார். அடிப்படைப் படம் எடுக்கும்போது யாரும் படத்துக்குள் இருக்கக் கூடாது. அதற்காக அவரே ஒரு முறை வைத்திருந்தார். எல்லோரும் ஒதுங்கியதும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று உரக்கச் சொல்வார், மூன்றுக்கு அவள் பட்டனை அழுத்துவாள். ஆறு கேமராவுக்கும் அப்படித்தான் நடந்தது. ஏழுக்கும் அவர் எண்ணினார். தான் படத்துக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டுதான் எண்ணினார்.

படத்தைப் பார்த்தால் இடது மூலையில் அவர் நிற்கிறார். செருப்பில் சிக்கிய கல்லை எடுக்க இடது காலைத் தூக்கி, வலது காலில் முழு உடம்பையும் நிறுத்தி, ஒரு கையில் செருப்பும் வாய் நிறைய ‘மூணு’மாக நிற்கிறார்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திருப்பி எடுத்திருக்கலாம். ஆனால் அதற்குள் பெரிய தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. தவிர, அந்த மூலையில் இன்னொரு தொல்லை இருந்தது. பக்கத்து மரத்தின் கிளை ஒன்று அங்கே தலையை நீட்டி, காற்றடிக்கும்போதெல்லாம் ஆடியது. இலை ஆடினால் கேமராவைப் பொறுத்தவரை கட்டம் மாறிவிட்டது, உடனே அனுப்பத் தொடங்கிவிடும். ஏழோ, தன் பாரத்தோடு பின்னால் இருக்கும் ஐந்து கேமராக்களின் பாரத்தையும் தூக்குகிற கேமரா. அதனால் அந்த மூலைக் கட்டங்களைப் பார்க்கவே வேண்டாம் என்று கேமராவிடம் சொல்லி வைத்தாள். கிளையை வெட்டிவிட்டு, புதுப் படம் எடுத்துவிட்டு, மூலையைத் திறந்துவிடலாம். அடுத்த வாரம் வந்தால் போயிற்று.

அடுத்த வாரம் அவர் ஜீப்புக்குக் காற்று அடிக்கக் குனிந்தவர், எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு, வாசல்வரை வந்து திரும்பிப் போகும் விருந்தாளி மாதிரி ஆகிவிட்டது.

நாற்பது நாள் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். ஒன்றிலிருந்து ஆறுவரை பார்த்துவிட்டு ஏழாவதைத் திறந்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். வலது காலில்.

மற்ற படமெல்லாம் காலை வெயிலில் இருக்க, அந்த மூலை மட்டும் மழை வரப்போகிற சாயங்காலமாகவே இருந்தது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூலையைத் திறந்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அந்த அலுவலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரை மூடினாள். அந்த நாளை மூன்று வருடம் வரவே இல்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாக் கேமராக்களுக்கும் அடிப்படைப் படத்தைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்ததாகப் படிவத்தில் குறிக்க வேண்டும். ஏழைத் தவிர மற்றப் பதினொரு கேமராக்களுக்கும் புதுப்பித்தாள். பன்னிரண்டுக்கும் டிக் போட்டாள். பழைய அதிகாரி நீர்மட்டத்தின் எண்ணை மட்டும் கேட்பவர், படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அவளுடைய முப்பது வருட வேலையில் அவள் எழுதிய பொய் அந்த ஒரு டிக்தான், ஆனால் மூன்று முறை எழுதினாள். தினமும் காலையில் டீயை எடுத்துக்கொண்டு வந்து ஏழாவது படத்துக்கு முன்னால்தான் குடிப்பாள்.

வீட்டில் இருப்பவர் வேறு மாதிரி ஆகியிருந்தார். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பகலில் அவருடைய அக்கா பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் அவள் வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுப்பார். "நா..." என்று தொடங்கி ஓர் இடைவெளி வரும். அந்த இடைவெளியை அவளால் தாங்க முடியாது. எத்தனை வருடப் பேச்சு! அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா? "நான் சாப்பிட்டேன்னு சொல்றீங்க, சரி" என்று முடித்துவிடுவாள். யாராவது பார்க்க வந்து, "எப்படி இருக்கீங்க?" என்று அவரைக் கேட்டால், "நல்லா இருக்கார்" என்று அவள் பதில் சொல்வாள். அவர் அவளைப் பார்ப்பார், பிறகு ஜன்னலைப் பார்ப்பார். அன்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் அன்பு என்பதற்காக எல்லாம் சரியாகிவிடுமா என்ன?

புது அதிகாரி வந்தது இந்த வருட மழைக்காலத்தில்தான். சின்ன வயதுப் பெண். எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிற ரகம். பன்னிரண்டு படமும் தினமும் காலையில் தன் போனுக்கு வர வேண்டும் என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். சிக்கனம் ஏழாவதையும் சேர்த்தே அனுப்பினாள். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அதிகாரி போனை நீட்டிக்கொண்டு அவள் மேஜைக்கே வந்தாள்.

"அக்கா, ஏழாம் நம்பர்ல ஒரு ஆளு தினமும் நிக்கிறாரே, கவனிச்சீங்களா? யாரு இவரு?"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள்.

"தெரியல மேடம்."

கட்டின புருஷனைத் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

"ஒத்தக் கால்ல நிக்கிறார் பாருங்க. மூணு நாளா! தண்ணி இப்ப கரையோட முக்கால் உயரத்துக்கு நிக்குது. இந்த நேரத்துல அங்க யாரும் சுத்தக் கூடாது. மதகுக்காரர்கிட்ட சொல்லி விரட்டச் சொல்லுங்க."

மதகுக்காரர் என்பவர் கரை நடுவில் இருக்கும் மதகுகளைத் திறந்து மூடுகிறவர். அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்கிறவர். அதிகாரி நகராமல் பக்கத்திலேயே நின்றதால் அவள் அவருக்குப் போன் செய்யத்தான் வேண்டியிருந்தது. ஏழாவது கம்பத்துக்குக் கீழே ஓர் ஆள் நிற்கிறாராம், போய்ப் பார்த்து அனுப்பிவிடுங்கள் என்று சொன்னாள். தன் வீட்டுக்காரரை விரட்டுவதற்குத் தானே ஆள் அனுப்பினாள். இதைவிட ஒருத்தியைச் சோதிக்க முடியாது.

அரை மணி நேரத்தில் மதகுக்காரர் கூப்பிட்டார். அதிகாரி அப்போது ஒரு கூட்டத்தில் இருந்தாள்.

"ஆளு யாரும் இல்லம்மா. நல்லாத் தேடிப் பாத்துட்டேன்."

"சரிங்க. விடுங்க, போயிருப்பாங்க."

"இல்லம்மா, இன்னொண்ணு. நீங்க சொன்ன அந்த எடத்துல தரை சொதசொதன்னு இருக்கு. ரெண்டு நாளா வெயில்தானே? அங்க மட்டும் புல்லு முழங்கால் அளவு நிக்குது. என் கால் உள்ள போகுது."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு போனாள்: மழைத் தண்ணீராக இருக்கட்டும், யாராவது குழாயைத் திறந்துவிட்டிருக்கட்டும், எதுவாக இருந்தாலும் சரி, கரையாக மட்டும் இருக்க வேண்டாம்.

கரைதான். அடிவாரத்தில், கட்டைவிரல் நுழைகிற ஓட்டை ஒன்றிலிருந்து தண்ணீர் ஓசையில்லாமல் வந்துகொண்டிருந்தது. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், தெளிந்து வரும்வரை கவலையில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளே இருந்து கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவள் தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கீழே வைத்தாள். அவளும் மதகுக்காரரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். சற்று நேரத்தில் மூடியின் அடியில் மெல்லிய செம்மண் படிந்தது.

சரியாக அவளுடைய வீட்டுக்காரர் கல்லை எடுக்கக் காலைத் தூக்கி நின்ற இடம் அது. எப்போது கசிய ஆரம்பித்தது? போன வாரமா, போன மாதமா, போன வருடமா? பன்னிரண்டு கேமராக்களைக் காவலுக்கு வைத்துவிட்டு, அந்த ஓர் இடத்தில் மட்டும் அவள் ஓர் ஆளை மறைப்பாக நிறுத்தி வைத்திருந்தாள். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டு வாசலில் துணி காய்ந்தது.

கசிவை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்திருக்கலாம். மதகுக்காரர் தற்செயலாகப் பார்த்தார் என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்த நினைப்பு வராமல் இல்லை, வந்தது. ஆனால் மூடியில் மண் இருந்தது. சிக்னல் தேடிக் கரைமேல் ஏறி அதிகாரிக்குப் போன் செய்தாள்.

"ஏழாம் நம்பர்கிட்ட கரை கசியுது மேடம். மண்ணோட வருது."

"என்னக்கா சொல்றீங்க? இன்னிக்குக் காலைல படம் பாத்தேனே. அங்க தரை காஞ்சுதானே இருக்கு?"

"அது மூணு வருஷத்துக்கு முன்னாடி இருந்த தரை மேடம். அந்த மூலையை நான் மூடி வச்சிருந்தேன். படத்தைப் புதுப்பிக்கல. புதுப்பிச்சதா டிக் போட்டேன்."

"அப்ப அங்க நிக்கிற ஆளு?"

"அவரும் மூணு வருஷத்துக்கு முன்னாடி நின்னவர்தான் மேடம். என் வீட்டுக்காரர்."

அதிகாரி, "மதகைத் திறக்கச் சொல்லுங்க, எல்லாத்தையும். நான் வர்றேன்" என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பதினாறு வீட்டுக்காரர்களையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மதகுகள் எல்லாம் திறந்து நீர்மட்டத்தை இறக்கினார்கள். ஓட்டையைச் சுற்றி மணல், அதன்மேல் ஜல்லி, அதைச் சுற்றி மணல் மூட்டை என்று வளையம் கட்டினார்கள். சிக்கனமும் மூட்டை சுமந்தாள், வேண்டாம் என்று சொன்னவர்களை முறைத்தாள். மணிக்கு ஒரு முறை அந்த மூடியில் தண்ணீர் பிடித்துப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் மதியம் மூன்று மணிக்கு மூடியின் அடியில் பொறித்திருந்த டப்பா கம்பெனியின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. தண்ணீர் தெளிந்துவிட்டது. மதகுக்காரர் அந்த மூடியை அவளிடம் கொடுத்து, "இனிமே இதுல சோறு தின்னாதம்மா, பத்திரமா வச்சுக்கோ" என்றார்.

மறுநாள் காலை அதிகாரி அவளை உள்ளே கூப்பிட்டாள்.

"மத்த பதினொண்ணும்?"

"ஒழுங்கா இருக்கு மேடம்."

"எப்படி நம்புறது?"

கேள்வி நியாயமானதுதான். அதனாலேயே சுருக்கென்று தைத்தது. "நம்ப வேண்டாம் மேடம். நீங்களே கூட வந்து ஒவ்வொண்ணா பாத்துடுங்க" என்றாள்.

"எல்லாத்தையும் எழுதிக் கொடுங்க."

எழுதினாள். படத்தைச் சுருக்குகிறவளுக்கு எழுத்தைச் சுருக்கத் தெரியாதா? நாலே வரி. ஏழாம் எண் கேமராவின் அடிப்படைப் படத்தை மாற்றவில்லை. மாற்றியதாக மூன்று முறை குறித்தேன். அதில் என் கணவர் நின்றுகொண்டிருக்கிறார். இப்போது அவரால் நிற்க முடியாது.

அதிகாரி அதை வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். "மேல அனுப்பத்தான் வேணும். என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது. நாளைக்கே ஏழாம் நம்பர் படத்தை மாத்திடுங்க" என்றாள். கொஞ்சம் தயங்கி, "இப்ப அவர் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள்.

"நல்லா இரு..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். மூன்று வருடமாக இதே பதில். "கேக்கணும் மேடம்" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நாத்தனார், கரை உடைய இருந்த கதையைத் தம்பிக்குச் சொல்லி முடித்திருந்தாள். முடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். அவள் போன பிறகு, சிக்கனம் ஒரு நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். போனைத் திறந்து ஏழாவது படத்தை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"யாருன்னு பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூலையை மூடியது, தினமும் டீயோடு போய்ப் பார்த்தது, டிக் போட்டது, அதிகாரியிடம் தெரியாது என்று சொன்னது, மூடியில் மண் படிந்தது. "நாளைக்கு அழிக்கணும்" என்று முடித்தாள். "அழிச்சா நீங்க அங்க நிக்க மாட்டீங்க. எங்கேயும் நிக்க மாட்டீங்க. எனக்கு மனசு வரலங்க. மூணு வருஷமா வரல."

அவர் வாயெடுத்தார். "மூ..."

வழக்கமான இடைவெளி வந்தது. அவளுடைய நாக்கு நுனியில் மூன்று பதில்கள் தயாராக நின்றன. பரவாயில்லை என்கிறார், அழாதே என்கிறார், போனால் போகட்டும் என்கிறார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். தெருவில் ஒரு வண்டி போய், அதன் சத்தமும் ஓய்ந்தது. அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை போர்வையைப் பிடித்து இழுத்தது. அவள் இருந்தாள்.

"மூணு... வருஷமா..."

"ம்."

"ஒத்தக்... கால்லயா?"

"ம்."

"கால்... வலிக்காதா... எனக்கு?"

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போயிருந்தது. புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதற்கு முதலில் வழிவிடுவது என்று தெரியாமல் அவள் அவருடைய மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். இந்த மூன்று வருடத்தில் அவள் இட்டு நிரப்பிய பதில்களில் ஒன்றுகூட இவ்வளவு அவராக இல்லை. பழைய ஆளையே திருப்பித் திருப்பிப் போட்டு நிரப்பியிருக்கிறாள். இவரோ உள்ளே உட்கார்ந்து கிண்டலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எறக்கி... விடு."

"விடுறேங்க."

இடது கை அவள் தலைமேல் வந்தது. அவர் இன்னும் ஏதோ சொல்ல முயல்வது தொடையின் அசைவிலேயே தெரிந்தது. அவள் தலையைத் தூக்காமல் காத்திருந்தாள்.

"நா... நானும்..."

‘நானும் அழுகிறேன் என்கிறார்’ என்று பழைய பழக்கம் உள்ளே கிசுகிசுத்தது. அதை அடக்கினாள்.

"நானும்... வர்றேன்."

இதைத்தான் அவர் எத்தனை சாயங்காலம் சொல்லப் பார்த்தாரோ. அவள் ஒவ்வொரு முறையும் சாப்பிட்டேன் என்று முடித்து அனுப்பியிருக்கிறாள்.

காலையில் மதகுக்காரர் வந்து அவரை அலாக்காகத் தூக்கி ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்தார். நாத்தனார் வாசலில் நின்று, தலையணை வைத்தாயா, தண்ணீர் வைத்தாயா, காற்று படுமே என்று ஜீப் திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். வழியில் அவர் ஒரு பள்ளத்துக்கு, "மெது... மெதுவா" என்று ஜீப்பை ஓட்டிய மதகுக்காரரைத் திட்டினார். பதினெட்டு வருடம் ஓட்டியவருக்குத் திட்ட உரிமை உண்டு.

இந்தத் தடவை ஜீப்பைக் கரைக்கு மேலே, கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள். மதகுக்காரர் மரக்கிளையை வெட்டிப் போட்டார். அவள் ஏணியில் ஏறித் தகட்டைத் துடைத்தாள், கேமராவின் கண்ணைத் துடைத்தாள். இறங்கி வந்து கையில் இருந்த கருவியில் மூடி வைத்திருந்த மூலைக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று திரையில் முதல்முறையாகப் பார்த்தாள். மணல் மூட்டை, ஜல்லி, மிதிபட்ட புல், தெளிந்த தண்ணீர் ஓடும் ஒரு சின்ன வாய்க்கால். காலை வெயில் அதன்மேல் விழுந்திருந்தது.

"எல்லாரும் ஒதுங்குங்க" என்றாள். மதகுக்காரர் ஜீப்புக்குப் பின்னால் போனார். அவள் முன்சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, பட்டனில் விரலை வைத்தாள். புதுப் படத்தை அலுவலகத்துக்கு அனுப்ப ரேடியோ விழித்துக்கொண்டு காத்திருந்தது. அது விழித்திருக்கும் ஒவ்வொரு நொடிக்கும் பேட்டரி கரையும். இந்த நேரத்தில் யாராவது தும்மினால்கூடத் திட்டுகிறவள் அவள்.

"எண்ணுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாகக் கரையைப் பார்த்தார்.

"ஒண்ணு."

அது சுலபமாக வந்துவிட்டது. அடுத்தது வரவில்லை. அவர் உதடு குவிந்தது, பிரிந்தது, மறுபடி குவிந்தது. கருவியின் ஓரத்தில் பேட்டரியின் அளவு ஒரு புள்ளி குறைந்தது. மதகுக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார், அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

"ரெ... ரெண்டு."

இன்னொரு புள்ளி குறைந்தது. குறையட்டும். அவளுக்கு இன்றைக்கு அவசரமே இல்லை. ஒரு கையில் கருவியோடு, இன்னொரு கையால் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது அவளைத் திருப்பிப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். பிடித்துக்கொண்டாள்.

"மூணு" என்றார் அவர், வாய் நிறைய. அவள் அழுத்தினாள்.